பந்து டெட் ஆன பிறகு ஜோக் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பத்தி எழுதுகிறவர் ஒரு வாரம் தமிழ் சினிமா நகைச்சுவை நடிகர்களை வைத்து கிரிக்கெட் அணி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வாரமே முகத்தை மாற்றிக்கொண்டு, தமிழ் வர்ணனை காமெடி ஷோவாகிவிட்டது, காமெடிக்கும் விளையாட்டுக்கும் ஒட்டே கிடையாது, களத்தில் சிரிக்கிறவன் ஜெயித்ததில்லை என்று எழுதினார். முந்தின வாரம் காமெடி பண்ணியது யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் விட்டேன். ஆனால் அதற்கப்புறம் வந்த வாசகர் கடிதங்களைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. "அவர் சொன்னது வேதவாக்கு, நான் டிவி சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் மேட்ச் பார்க்கிறேன்" என்கிறது ஒரு கட்சி. "பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் இங்கிலீஷ் சேனலுக்குப் போகட்டும்" என்கிறது இன்னொரு கட்சி. வாராவாரம் இதே பாட்டு.

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறேன். கடை ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட லீக் போட்டிகளில் அம்பயர் கோட்டு. கல்லூரிப் பையன்கள் நோட்ஸ் ஜெராக்ஸ் போட வரும்போது உங்கள் பேப்பர் கல்லாப் பக்கத்தில்தான் கிடக்கும். அந்தப் பத்தியை வைத்து என் கடை வாசலில் நடந்த சண்டையில் ஒருநாள் டோனர் தீர்ந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க அம்பயர்தானே, நீங்க சொல்லுங்க" என்று கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். அம்பயர் என்றால் இப்படி ஒரு தொல்லை உண்டு. சரி, சொல்லிவிடுகிறேன்.

முதலில் "சிரிக்கிறவன் ஜெயித்ததில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். பத்தியாளர் சேப்பாக்கத்தை மறந்துவிட்டாரா? 1986 செப்டம்பர் 22, இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் இரண்டு அணிக்கும் சம ரன்னாகி, டையில் முடிந்த நாள். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்ட வெயில் அது. அந்த வெயிலில் கிரெக் மாத்யூஸ் என்கிற ஆஸ்திரேலிய மனிதர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார். எதிரணிக்காரர்கள் வெந்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று காட்டுவதற்காகவே அந்தக் கூத்து. கேலரியோடு வம்பு வளர்ப்பது, பேட்ஸ்மேனிடம் வாய் கொடுப்பது என்று அவர் செய்யாத சேட்டை இல்லை. கடைசியில் என்ன ஆனது? இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட், மொத்தம் பத்து. கடைசி ஓவரை வீசியவரும் அவர்தான், கடைசி விக்கெட்டை எடுத்தவரும் அவர்தான். அன்றைக்கு மைதானத்தில் அவரை விடப் பெரிய கோமாளியும் கிடையாது, அவரை விடக் கெட்டியான போட்டியாளனும் கிடையாது.

நம்மூர் ஸ்ரீகாந்தும் இருக்கிறாரே. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் ஸ்கொயர் லெக் வரை ஒரு நடை, மூக்கை ஒரு உறிஞ்சல், வானத்தைப் பார்த்து ஒரு பார்வை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். 1983 ஜூன் 25, லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் வெஸ்ட் இண்டீஸ் பவுலர் ஆண்டி ராபர்ட்ஸை ஒரு முழங்காலில் உட்கார்ந்து பவுண்டரிக்கு அடித்தாரே, அதே ஆள்தான். அந்த மேட்சில் இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் அவர். எடுத்தது 38. ஒரு உலகக்கோப்பை இறுதிப் போட்டியின் அதிகபட்ச ஸ்கோர் 38 என்பதே ஒரு காமெடிதான், அது வேறு விஷயம்.

சேப்பாக்கம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1986 டை டெஸ்டில் கடைசியாக அவுட் ஆனவர் மணிந்தர் சிங். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்து, ஜெயிக்க ஒரே ஒரு ரன் பாக்கி. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1987 அக்டோபர் 9, அதே சேப்பாக்கம், உலகக்கோப்பை ஆட்டம், அதே ஆஸ்திரேலியா. கபில்தேவும் ஆலன் பார்டரும்தான் அன்றும் கேப்டன்கள். கடைசியாக அவுட் ஆனவர் அதே மணிந்தர் சிங். அதே கடைசி ஓவர், அதே ஐந்தாவது பந்து, ஸ்டீவ் வாவிடம் போல்டு. இந்தியா 269, ஒரு ரன்னில் தோல்வி. இதில் இன்னொரு கூத்து: ஆஸ்திரேலிய இன்னிங்ஸில் டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்து சிக்ஸா ஃபோரா என்று தகராறு. எல்லைக்கோட்டில் நின்ற ரவி சாஸ்திரி ஃபோர் என்றார், அம்பயர் டிக்கி பேர்டு ஃபோர் கொடுத்தார். இன்னிங்ஸ் முடிந்தபின் ஆஸ்திரேலியத் தரப்பு முறையிட, கபில்தேவ் சம்மதிக்க, 268 என்று இருந்த ஸ்கோர் 270 ஆனது. அந்த இரண்டு ரன் இல்லாவிட்டால் நாம் ஜெயித்திருப்போம். எந்தக் காமெடி எழுத்தாளர் இப்படி ஒரு காட்சி எழுதினாலும், "ரொம்ப ஓவர்" என்று வெட்டிவிடுவார்கள். விளையாட்டுக்கும் காமெடிக்கும் ஒட்டே கிடையாதாம்!

அதே 1987 ஆட்டத்தில்தான் நவ்ஜோத் சிங் சித்துவும் இருந்தார். பத்தியாளர் வர்ணனையைக் கெடுத்த முதல் ஆள் என்று சித்துவைத்தான் கை காட்டியிருக்கிறார். பத்தியாளருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். சித்து 1983-ல் இந்திய அணிக்கு வந்து, சொதப்பி, வெளியே போனார். அப்போது இந்தியன் எக்ஸ்பிரஸில் கிரிக்கெட் எழுத்தாளர் ராஜன் பாலா, இந்த மனுஷனிடம் ஷாட்டே கிடையாது என்கிற அர்த்தத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை வெட்டி அலமாரியில் ஒட்டிவைத்துக்கொண்டு பயிற்சி செய்ததாக சித்துவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாலு வருஷம் கழித்து சேப்பாக்கத்தில் அவர் எடுத்தது 79 பந்தில் 73, அதில் ஐந்து சிக்ஸர். அந்த உலகக்கோப்பையில் தொடர்ந்து நாலு அரை சதம். அதைப் பார்த்து ராஜன் பாலாவும் தன் கருத்தை மாற்றி எழுதினார். பத்தி எழுத்தாளர்கள் கண்டிப்பாகத்தான் எழுத வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றி எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

வர்ணனையாளர் சித்து விஷயத்தில் மட்டும் நான் பத்தியாளர் கட்சி. அவருடைய உவமைகள் பெரும்பாலும் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்தவை. எந்த மேட்சிலும் சொல்லலாம், எந்த பேட்ஸ்மேனுக்கும் சொல்லலாம். ஆட்டத்தில் நடந்ததற்கும் அவர் சொன்னதற்கும் சம்பந்தம் இருக்காது. அவர் பிறகு டிவியில் காமெடிப் போட்டிக்கு நடுவராகப் போய் உட்கார்ந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. சரியான நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார் என்றுதான் நினைத்தேன். இப்போது தமிழில் அதே வியாதி இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சினிமா வசனத்தை அப்படியே கொண்டுவந்து எல்லா சிக்ஸருக்கும் ஒட்டுகிறார்கள். முதல் தடவை சிரிப்பு வரும். பதினாலாவது ஓவரில் அதே வசனம் மறுபடி வரும்போது ரிமோட்டைத் தேடுவேன்.

ஆனால் இதற்குப் பதில் காமெடியை ஒழிப்பது அல்ல. 2021 ஜனவரி 11, சிட்னி டெஸ்டின் கடைசி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்வினுக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. விஹாரிக்குத் தொடைத் தசை போய் ஓட முடியவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே டெஸ்டை டிரா செய்தார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. நடுவில் டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து யார் எந்தப் பந்துவீச்சாளரைச் சமாளிக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தை ஷர்துல் தாக்கூரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஷர்துல் ஓடிவந்து, "உள்ளே என்னென்னவோ சொல்கிறார்கள், நான் எதையும் சொல்லப் போவதில்லை, நீங்கள் நன்றாகத்தான் ஆடுகிறீர்கள், இப்படியே ஆடுங்கள்" என்கிற தோரணையில் பேசிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இதை அஸ்வின் தன் யூடியூப் நிகழ்ச்சியில் சொன்னார். கடையில் பையன்கள் அதை மொபைலில் போட்டுக் காட்டினார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இது ஒரு ஜோக். கூடவே, அழுத்தமான நேரத்தில் ஆடுகிறவனுக்கு ஆலோசனை எவ்வளவு வேண்டும், எவ்வளவு வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. இதை வேறு எந்த மேட்சிலும் சொல்ல முடியாது. அந்த நாள், அந்த இரண்டு பேர், அந்த முதுகுவலி, எல்லாம் சேர்ந்தால்தான் இது சிரிப்பு.

அப்படியானால் டிவி வர்ணனை ஏன் எரிச்சல் தருகிறது? இங்கேதான் இரண்டு கட்சியும் கோட்டை விடுகின்றன. ஒரு அம்பயராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிரிக்கெட் சட்டத்தில் 41.4 என்று ஒன்று உண்டு. பந்தைச் சந்திக்கத் தயாராகும் பேட்ஸ்மேனின் கவனத்தை ஒரு பீல்டர் வேண்டுமென்றே கலைத்தால், அம்பயர் டெட் பால் சொல்லி, பேட்டிங் அணிக்கு ஐந்து ரன் அபராதமாகக் கொடுக்கலாம். மாவட்ட லீகில் விக்கெட் கீப்பர்கள் பேசுகிற பேச்சு உங்களுக்குத் தெரியாது. "ஏலே, அண்ணனுக்கு ரெண்டு மணி பஸ்ஸு, சீக்கிரம் அனுப்பி வைங்கலே" என்பான் ஒருவன். பேட்ஸ்மேனே சிரித்துவிடுவார். அதை நான் தடுப்பதில்லை. தடுத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வெயிலில் நிற்க எனக்கே பிடிக்காது. ஆனால் பவுலர் ஓட ஆரம்பித்த நொடியில் வாய் மூடியாக வேண்டும். பவுலர் ஓடத் தொடங்கினால் பந்து உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது டெட் ஆகிற வரைக்கும், அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் முடிகிற வரைக்கும், பேச்சு கூடாது. ஆன பிறகு பஸ்ஸையும் பேசலாம், பரோட்டாவையும் பேசலாம். பையன்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள். இங்கிலாந்து அம்பயர் டேவிட் ஷெப்பர்டு ஸ்கோர் 111-ல் நின்றால், ராசியில்லாத எண் என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு குதிப்பார். உலகமே சிரித்தது. அப்படிக் குதித்தார் என்பதற்காக அவர் தீர்ப்புகளை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இப்போது ஒரு சின்ன மனக்கணக்கு. ஐபிஎல்லில் 20 ஓவரை வீசி முடிக்க 90 நிமிஷம். அதில் இரண்டு டைம் அவுட் இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் கழித்தால் 85. பவுலர் ஓட ஆரம்பித்ததிலிருந்து பந்து டெட் ஆகிற வரைக்கும் தாராளமாகப் பத்து நொடி வைத்துக்கொள்ளுங்கள். 120 பந்துக்கு 1,200 நொடி, அதாவது இருபது நிமிஷம். மீதி 65 நிமிஷம் பந்து செத்துத்தான் கிடக்கிறது. ஜோக் சொல்ல இதைவிட அதிக நேரம் எந்த விளையாட்டில் இருக்கிறது? அப்புறம் ஏன் பந்து காற்றில் இருக்கும்போது போன மாதம் வெளியான படத்தின் வசனம் காதில் விழுகிறது?

காரணம் விளம்பரம். ஓவர் முடிந்ததும் கேமரா மைதானத்தில் இருப்பதில்லை. பெயின்ட்டுக்கும் பான் மசாலாவுக்கும் போய்விடுகிறது. விக்கெட் விழுந்தாலும் அப்படித்தான், டைம் அவுட்டிலும் அப்படித்தான். வர்ணனையாளர்கள் மூச்சுவிட்டு, யோசித்து, ஒரு கதையை ஆரம்பித்து முடிக்க வேண்டிய இடமெல்லாம் விற்றாகிவிட்டது. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது, 410 ஆட்டத்துக்கு. ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி. முழுசாக 240 பந்து வீசினால் ஒரு பந்துக்கு ஏறக்குறைய 49 லட்சம். இவ்வளவு கொடுத்து வாங்கியவன் ஓவர் இடைவெளியைச் சும்மா விடுவானா? விடமாட்டான். அதனால் ஓவர் முடிந்து சொல்ல வேண்டிய ஜோக்கை வர்ணனையாளர் நாலாவது பந்துக்கும் ஐந்தாவது பந்துக்கும் நடுவில் திணிக்கிறார். அது முடிவதற்குள் பவுலர் வந்துவிடுகிறார். ஜோக்கும் பாதி, பந்தும் பாதி. பக்கத்தில் இருக்கிறவர் மரியாதைக்குச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்புச் சத்தத்தில் பந்து மட்டை விளிம்பில் உரசி எட்ஜ் ஆன சத்தம் கேட்காமல் போகிறது. எட்ஜ் சத்தத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று நினைத்துப் பாருங்கள்.

வானொலிக் காலத்தில் இப்படி இல்லை என்று பத்தியாளர் ஏங்குகிறார். உண்மைதான். எங்கள் பக்கத்து சாத்தான்குளத்துக்காரர் அப்துல் ஜப்பார் அவர்கள் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவன் நான். வானொலி நாடகங்களில் நடித்த குரல் அது. பீல்டிங் நிற்கிற இடங்களைச் சொல்லும்போதே மைதானம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவர் சிரிக்காத மனிதர் என்பது போலப் பத்தியாளர் எழுதியிருப்பது அநியாயம். ரசித்து, சிரித்து, கிண்டலும் செய்வார். வானொலியில் படம் கிடையாது. பந்து எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் கேட்கிறவனுக்கு ஆட்டமே இல்லை. அதனால் பந்து உயிரோடு இருக்கும்போது வேறு பேச்சுக்கே இடமில்லை. கதையும் கிண்டலும் தானாகவே ஓவர் இடைவெளிக்குப் போய்விடும். அந்த ஒழுங்கு அவருடைய குணத்தால் மட்டும் வந்ததல்ல, வானொலி என்கிற கருவியே அப்படிக் கட்டாயப்படுத்தியது. டிவியில் படம் தெரிகிறது என்கிற தைரியத்தில் பந்தை விட்டுவிடுகிறார்கள்.

காமெடி வர்ணனை என்பதே டிவிக்காரன் இறக்குமதி செய்த சரக்கு என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கோயில் கொடை விழாவுக்கு வந்து இரவு கபடி பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் பிறந்த மண் இது. இங்கே கபடி என்றால் ட்யூப் லைட்டும் மைக்கும் இல்லாமல் கிடையாது. மைக் பிடிக்கிறவர் பாதி வர்ணனையாளர், பாதி கலெக்ஷன் ஏஜென்ட். "இந்தப் பாடிக்கு நம்ம மளிகைக் கடை அண்ணாச்சி நூறு ரூபாய் அன்பளிப்பு, அண்ணாச்சி கடையில கடன் வச்சிருக்கவங்க நாளைக்குப் போய்க் குடுத்துருங்க" என்பார். கபடி கபடி என்று பாடி வந்தவன் பிடிபட்டு மண்ணில் புரண்டு எழுந்தால், "தம்பி, சட்டையில ஒட்டுன மண்ணை இங்கேயே தட்டிட்டுப் போ, அடுத்த மேட்சுக்கு வேணும்" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், பேர் வேண்டாம், வெட்கப்படுவார். பாடுகிறவன் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவர் மைக்கை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வார். தொட்டுவிட்டு ஓடிவந்தானா, பிடிபட்டானா என்று தெரிகிற வரை ஒரு சொல் வராது. அந்த நேரத்தில் பாட்டும் மூச்சும் மட்டும் கேட்கும். பிடிபட்ட அப்புறம்தான் மைக் மேலே வரும். யாரும் அவருக்குச் சட்டப் புத்தகம் கொடுக்கவில்லை. ஆட்டம் தெரியும், அவ்வளவுதான்.

ஜல்லிக்கட்டு மைக்கும் இந்த வகைதான். "மாடு தொடுறவனுக்குக் கட்டில், பீரோ" என்று அடுக்கி, பிடிக்க முடியாமல் விழுந்தவனைக் கலாய்த்து, கடைசியில் "மாடு ஜெயிச்சது" என்று மாட்டுக்காரரை மேடைக்குக் கூப்பிடுவார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் எங்கே போனாலும் இதுதான். தோற்றவனையும் சேர்த்துச் சிரிக்க வைக்கிற அந்தக் கலை நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. எனவே இளைஞர் கட்சிக்கு நான் சொல்வது: உங்களுக்குப் பிடித்த காமெடி வர்ணனை புதுசு ஒன்றும் இல்லை, அதனால் அதைக் குறை சொல்கிறவரை எல்லாம் பழம்பெருசு என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காமெடியை இன்னும் நன்றாகச் செய்தவர்களைப் பார்த்தவர்கள்தான் குறை சொல்கிறார்கள். இன்னொன்று, இங்கிலீஷ் சேனலுக்குப் போ என்பது என்ன பதில்? 2023-ல் ஐபிஎல் பன்னிரண்டு மொழிகளில் வந்தது, போஜ்புரி உட்பட. அவனவன் மொழியில் ஆட்டம் கேட்க வேண்டும் என்பதற்குத்தானே அத்தனை மொழி? என் மொழியில் கேட்கிறேன், எனக்கு நன்றாக வேண்டும் என்று கேட்பது தப்பா?

பத்தியாளருக்கு ஒரு வேண்டுகோள். காமெடியைத் துரத்துங்கள் என்று எழுதுவதற்குப் பதில், இன்னிங்ஸுக்கு நாலே நாலு ஓவர் இடைவெளியை மட்டும் விளம்பரம் இல்லாமல் விடுங்கள் என்று எழுதுங்கள். கேமரா மைதானத்திலேயே இருக்கட்டும். பீல்டர்கள் இடம் மாறுவது தெரியட்டும், கேப்டன் யாரைத் திட்டுகிறார் என்று தெரியட்டும், வர்ணனையாளர் ஒரு கதையை ஆரம்பித்து முடிக்கட்டும். பந்து வரும்போது சும்மா இருந்தால் நாங்கள் ஏன் சத்தத்தை அணைக்கிறோம்? 49 லட்சத்துக்கு வாங்கியவன் கேட்கமாட்டான் என்பீர்கள். கேட்கமாட்டான்தான். ஆனால் உங்கள் பத்தியைக் கேட்டுக் காமெடியனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு விளம்பரத்தைப் போடுவான். அது நடந்தால் நீங்களும் சந்தோஷப்பட மாட்டீர்கள்.

கடைசியாக அந்த காமெடி நடிகர்கள் அணி. உண்மையில் நான் பேனாவை எடுத்ததே இதற்குத்தான், மற்றதெல்லாம் வழியில் வந்தது. இடம் போதாமல் கடிதத்தை வெட்ட வேண்டியிருந்தால் கணக்கை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

நாகேஷ் ஓப்பனிங், சரி. ஆனால் அவரை கவாஸ்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். கவாஸ்கர் உழைப்பு தெரிகிற ஆட்டக்காரர்; நாகேஷிடம் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. அவர் குண்டப்பா விஸ்வநாத். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்து மற்றவர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, மொத்த ஸ்கோரான 190-ல் 97 ரன் அடித்துக் கடைசி வரை அவுட் ஆகாமல் நின்றாரே, அந்த மணிக்கட்டு. பந்து தன்னைக் கடந்து போனபிறகு லேட் கட் அடிக்கிற அந்த நிதானம்தான் நாகேஷின் டைமிங்.

கவுண்டமணியை மூன்றாவது பேட்ஸ்மேனாகவும் செந்திலை விக்கெட் கீப்பராகவும் போட்டது அடுத்த தப்பு. அவர்கள் ஒரு பவுலிங் ஜோடி. ஒரு முனையில் செந்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி சாதாரணப் பந்தாகப் போட்டுக்கொண்டே இருப்பார், பொறுமை போகிறவரைக்கும். மறுமுனையில் கவுண்டமணி விக்கெட்டைப் பெயர்ப்பார். ஸ்கோர்போர்டில் விக்கெட் கவுண்டமணி பேரில் ஏறும், வேலை பாதி செந்திலுடையது. ஆளைப் பிரித்தால் ஜோடி போச்சு.

வடிவேலுவைப் பதினோராவது இடத்தில் இறக்கியிருக்கிறீர்கள், அடி வாங்குகிறவர் என்பதால். அடி வாங்குகிறவர் எல்லாம் டெயில் எண்டர் என்று யார் சொன்னது? மொஹிந்தர் அமர்நாத் வாங்காத அடியா? தலை, தாடை, விலா என்று வாங்கிவிட்டு எழுந்து நின்று அடுத்த பந்தை ஹுக் அடித்தவர். 1983-ல் அரையிறுதிக்கும் இறுதிக்கும் ஆட்ட நாயகன் அவர்தான். வடிவேலு நம்பர் மூன்று. சட்டை கிழிந்திருந்தாலும் கெத்து குறையாமல் கிரீஸில் நிற்கப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

தங்கவேலு அணியிலேயே இல்லை. இதற்கு நான் என்ன சொல்ல? கேட்ச் பிடிக்கிற மாதிரி நின்று கொண்டே எதிரில் இருக்கிறவரைப் பேச்சிலேயே அவுட் ஆக்குகிற ஸ்லிப் பீல்டர் அவர். 41.4-ல் அவரைப் பிடிக்க எனக்கும் மனசு வராது.

ஆயிரம் படத்துக்கு மேல் நடித்த மனோரமா ஆச்சியைப் பன்னிரண்டாவது ஆளாகப் போட்டு தண்ணீர் பாட்டில் தூக்க வைத்ததற்கு மட்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். ஆல்ரவுண்டர், ஆறாவது இடம், கேப்டன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்கார அம்பயர்,
பாளையங்கோட்டை.